கரிப்புகை நகரத்தின் மூன்று கொப்பிகள்

கொக்குவில்,
14.07.2002

அன்புள்ள தங்கேஸ்,

இது செத்தவளின் கடிதம். பயப்படாதே. நான்தான், யோகராணி. பல்கலைக்கழக விடுதியில் உன் பக்கத்துக் கட்டில்.

போன கிழமை வங்கி வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தார். அருளானந்தன் என்று பெயர். ஒஸ்லோவில் உங்களுக்குப் பழக்கமாம், விடுமுறையில் வந்திருக்கிறார். "ரீச்சர், நீங்கள் தொண்ணூற்றாறிலையே..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. சோடா வாங்கிக் கொடுத்தேன், அவருக்கு. பிறகு எல்லாம் சொன்னார். இடப்பெயர்வின்போது கிளிநொச்சி றோட்டில் நான் காய்ச்சலில் போய்விட்டேன் என்று யாரோ அவருக்குச் சொல்ல, அவர் ஒரு கலியாண வீட்டில் உனக்குச் சொல்ல, நீ பேப்பரில் கண்ணீர் அஞ்சலி போட்டாயாம். பட்டமளிப்புப் படத்தைத்தானே போட்டாய்? அதில் என் சேலை மடிப்பு சரியில்லை. வேறொன்றைத் தேடியிருக்கலாம்.

சண்டை நின்று பாதை திறந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வன்னியிலிருந்து வந்துவிட்டேன். வீடென்று சொல்ல நாலு சுவர் மிச்சம். அம்மாவுக்கு எழுபத்தாறு. காது நல்லாகக் கேட்கிறது, கண்தான் இல்லை. ஸ்ரீதரன் அண்ணாவைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். தொண்ணூறாம் ஆண்டு ஜூனில் வேர்க்‌ஷொப்புக்கென்று சைக்கிளில் போனவர், இன்னும் வரவில்லை. அவர் வரும்போது திறந்திருக்க வேண்டுமாம், அன்றிலிருந்து அம்மா வாசல் படலையைக் கொழுவ விடுவதில்லை. மல்லாவியில் கொட்டிலில் இருந்தபோதும் வாசல் தட்டியைக் கட்ட விடவில்லை.

தங்கேஸ், அவருடைய ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. எல்லாம் வழியில் போய்விட்டது. அப்போதுதான் கொப்பிகளை நினைத்தேன். விடுதியில் நீயும் நானும் மாறி மாறி எழுதிய கதை, எங்கள் "கரிப்புகை நகரம்". விக்டோரியா மகாராணி, நீராவி வண்டிகள், பதிவுக் கந்தோர் அதிகாரிகளுக்கு ஒளித்துத் திரியும் அதிசய மனிதர்கள். இரும்பில் கை வைத்தால் அது எங்கே வெடிக்கும் என்று சொல்லிவிடுகிற தோமஸ். பெயர்தான் தோமஸ். பேச்சு முழுவதும் அண்ணா தன் வேலைத்தலத்துக் கொதிகலனைக் காட்டி எங்களுக்கு விளங்கப்படுத்தியபோது நாங்கள் எழுதிவைத்தது. அவருடைய குரல் இப்போது அங்கே மட்டும்தான் இருக்கிறது.

எண்பத்து மூன்றில் நீ வெளிக்கிட்டபோது அடுத்து எழுதுகிற முறை உன்னுடையதாக இருந்ததால் மூன்று கொப்பியும் உன்னோடு வந்தன. எறிந்துவிடவில்லையே? இருந்தால் அனுப்பு. அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

உன் ராணி


லோறென்ஸ்கூக்,
09.08.2002

அன்பின் ராணி,

உன் கடிதத்தை அலுமாரியில் வைத்துவிட்டு மூன்று தரம் திரும்பிப் போய் எடுத்துப் பார்த்தேன், எழுத்து உன்னுடையதுதானா என்று. "ற"வை இப்போதும் கூரையில்லாத வீடு மாதிரித்தான் எழுதுகிறாய்.

என்ன சொல்வதென்று தெரியவில்லை. அஞ்சலிக்காக மன்னித்துக்கொள். உன்னிடம் அப்படிக் கேட்க வேண்டி வருமென்று நான் நினைத்ததில்லை.

இங்கே நாங்கள் சுகம். என் கணவர் குலேந்திரன் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் நின்ற காலத்து முதுகு நோவோடு இப்போது பஸ் ஓட்டுகிறார். மகள் வர்சா கடைசி வருடப் பள்ளிக்கூடம். நான் நூலகத்தில் பதினான்காவது வருடம்.

கொப்பிகள் மூன்றும் பத்திரமாக இருக்கின்றன. தாள்கள் நொறுங்குகின்றன. தபாலை நம்பிக் கொடுக்க மனமில்லாததால் நூலகத்தில் பிரதி எடுத்து அனுப்புகிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அண்ணாவைப் பற்றி எழுத எனக்கு இன்னும் சொல் வரவில்லை.

அன்புடன்
தங்கேஸ்


கொக்குவில்,
22.09.2002

அன்புள்ள தங்கேஸ்,

பொதி கிடைத்தது. நாளுக்கொரு அத்தியாயமாக அம்மாவுக்கு வாசிக்கிறேன். எங்கள் லண்டனில் எல்லோரும் காலையில் பிட்டுச் சாப்பிடுகிறார்கள், வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள். சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது. தோமஸ் முதன்முதலாக வாயைத் திறந்து, "பொறு பிள்ளை, அது மூச்சு விடட்டும்" என்றதும் அம்மா கையை நீட்டி என்னை நிறுத்தினார். "திருப்பி வாசி." வாசித்தேன். "எடி, வெள்ளைக்காரனாய் வந்தும் இவனுக்கு இந்த வாய் மாறேல்லை" என்றார். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அவரைப் பற்றி அழாமல் கதைத்தது அன்றைக்குத்தான்.

ஒன்று கேட்க வேண்டும். பக்க ஓரங்களில் ஏதோ மொழியில் சின்னச் சின்ன எழுத்து. அத்தியாயங்களின் தலையில் எங்களுடையதல்லாத எண்கள். தோமஸ் வருகிற இடமெல்லாம் கோடு. மூன்றாம் கொப்பியின் கடைசிப் பக்கம் நான் எழுதியது. தோமஸைப் பாலத்தடியில், வெடிக்கப்போகும் கொதிகலனோடு விட்டுவிட்டு உன்னிடம் தந்தேன், நீ மீட்க வேண்டும் என்று. அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்திருக்கிறாய்.

நீ இதை என்ன செய்துகொண்டிருக்கிறாய்?

ராணி


லோறென்ஸ்கூக்,
13.10.2002

ராணி,

வெளிறிய பென்சில், பிரதியில் விழாது என்று நினைத்தேன். எங்கள் நூலக இயந்திரம் நல்லது. உன்னிடம் சொல்லும் துணிவு எனக்கு வந்திருக்காது, அது எனக்காகச் சொல்லிவிட்டது.

"கரிப்புகை நகரம்" இங்கே மூன்று புத்தகமாக வந்திருக்கிறது. நோர்வேஜிய மொழியில், இளையோருக்கு. தொண்ணூற்றெட்டு, இரண்டாயிரம், இந்த வருடம் வசந்தத்தில் மூன்றாவது. அட்டையில் என் பெயர் மட்டும். எங்கள் ஆட்களில் பெரியவர்கள் இந்த மொழியில் பிள்ளைகளின் புத்தகம் வாசிப்பதில்லை, அதனால் அருளானந்தனுக்குத் தெரியாது. பதிப்பாசிரியை பிட்டை மட்டும் மாற்றச் சொன்னார். செருப்புக் கழற்றுவதை அவர் கவனிக்கவேயில்லை, இவர்களும் வாசலில் கழற்றுகிறவர்கள்தான்.

எலிசா என் ஆள், அவள் பனிப்புகைக்குள் நடந்து மறைவதை நான் எழுதினேன். பதிவுக் கந்தோரும் என்னுடையது. மிச்சத்தில் பெரும்பகுதி உன்னுடையது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ இறந்துவிட்டாய் என்று கேட்ட பிறகுதான் எழுதத் தொடங்கினேன். மூன்று புத்தகத்தின் முதல் பக்கத்திலும் "யோகராணியின் நினைவாக" என்று இருக்கிறது. அதை ஒரு கணக்குத் தீர்த்தலாக நினைத்திருந்தேன் என்று இப்போது விளங்குகிறது.

இன்னொன்று. எங்கள் ஒரே விதி உனக்கு நினைவிருக்கும். ஒருத்தி உண்டாக்கிய ஆளை மற்றவள் கேட்காமல் சாகடிக்கக் கூடாது. தோமஸ் உன்னுடைய ஆள். மூன்றாம் புத்தகத்தில் அவனைப் பாலத்தடியிலிருந்து நான் மீட்கவில்லை. ஆறு மாதம் முயன்றேன். எந்த வழியில் மீட்டாலும் பொய்யாகத் தெரிந்தது. சனங்கள் பாலத்தைக் கடக்கும்வரை கொதிகலனில் கை வைத்துக்கொண்டு நின்றான். எலிசா வந்து அவன் கண்களை மூடினாள். நீ தோமஸைக் கேட்டு எழுதும்போது நான் அவனை ஏற்கெனவே கொன்றுவிட்டிருந்தேன்.

புத்தகங்களையும், அந்த அத்தியாயத்தைத் தமிழில் எழுதியும் அனுப்புகிறேன். அம்மாவுக்கு வாசிக்காதே.

தங்கேஸ்வரி


கொக்குவில்,
08.12.2002

தங்கேஸ்,

உன் பொதி வந்து பத்து நாள் அதைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வீணாக அடித்தேன், அதற்கும் நீதான் காரணம். புத்தகங்களைப் பிறகு புரட்டினேன். ஒரு சொல் விளங்கவில்லை. முதல் பக்கத்தில் என் பெயர் மட்டும் விளங்கியது. இங்கிலீஷ் எழுத்தில் நான் செத்துப்போயிருந்தேன்.

அம்மாவிடம் எதையும் ஒளிக்க முடியாது. "கதையின்ரை மிச்சம் வந்திட்டுதாமே, வாசியன்" என்று அரித்து எடுத்தார். நீ சொன்னதைக் கேட்கவில்லை. வாசித்தேன்.

பாலத்தடி வரும்வரை தலையை ஆட்டிக்கொண்டு இருந்தார். முடிந்ததும் தாளை வாங்கி மடியில் வைத்தார். பிறகு கேட்டார்:

"அவன்ரை கண்ணை மூடிவிட்ட பெட்டை ஆர்?"

"எலிசா அம்மா. கதையிலை வாறவ."

"பக்கத்திலை ஆள் இருந்திருக்கு."

"ஓம் அம்மா."

"நல்லாயிருக்கட்டும் அந்தப் பிள்ளை."

பின்னேரம் விளக்கைக் கொளுத்தச் சொன்னார். அண்ணாவின் பெயரைச் சொல்லித் தண்ணீர் வைத்தார். பிறகு, "படலையைக் கொழுவிப் போட்டு வா" என்றார். நான் விளங்காததுபோல் நின்றேன். "மாடு வருகுது, கொழுவு" என்றார். கொழுவினேன், தங்கேஸ். கொளுக்கி துருப்பிடித்து ஏறமாட்டேன் என்றது, கல்லால் தட்டி ஏற்றினேன்.

அதனால் தோமஸை நீ கொன்றதற்கு என்னிடம் கோபம் இல்லை. விதியை மீறினாய். ஆனால் எங்களால் முடியாததைச் செய்தாய். மற்றதற்குக் கோபம் இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். செத்த சிநேகிதியின் கொப்பியை என்ன செய்வது? நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேனோ என்னவோ. நான் செத்துவிட்டேன் என்று நீ நம்பினாய். நம்பியதால் எழுதினாய். அதை என்னால் விளங்கிக்கொள்ள முடியும்.

நாலாவது புத்தகம் இருக்கிறதா? இருந்தால் முதல் அத்தியாயம் என் முறை. எலிசா பாலத்திலிருந்து எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியும்.

ராணி


லோறென்ஸ்கூக்,
05.01.2003

அன்பின் ராணி,

உன் கடிதம் கிடைத்தது. "நம்பினாய், நம்பியதால்" என்று இரண்டு தரம் எழுதியிருக்கிறாய். அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு நாலாவது புத்தகத்தை உன்னோடு எழுதலாம். யாருக்கும் தெரியவராது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த நூலகத்தில் எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் என் வேலை போல ஆகிவிட்டது. காணாமல் போனவர்களைத் தேடுவதற்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவம் என் மேசையின் இரண்டாவது லாச்சியில் எப்போதும் இருக்கும். நாற்பது ஐம்பது பேருக்கு நிரப்பியிருப்பேன். உனக்காக ஒன்றும் நிரப்பவில்லை. அருளானந்தன் சொன்னார், நான் அழுதேன், அஞ்சலி போட்டேன். ஒரு கலியாண வீட்டுக் கதையைச் சரிபார்க்கவில்லை. எதையும் எளிதில் நம்பாதவள் என்று என்னை எல்லோரும் சொல்வார்கள், நீயும் சொல்வாய்.

ஆனால் சொல்ல வந்தது அதுவல்ல.

1998 மார்ச்சில் மேரியம்மா என்று ஒரு பெண் வந்தார். வன்னியிலிருந்து வந்து இரண்டு மாதம். புருஷனைத் தேடப் படிவம் நிரப்ப வேண்டும். கடைசியாக இருந்த இடம் கேட்டேன், மல்லாவி என்றார். பிள்ளைகள் அங்கே படித்தார்களா என்று சும்மா கேட்டேன். "நாங்கள் வெளிக்கிடும்வரைக்கும் மரத்தடியிலை யோகராணி ரீச்சர்தான் படிப்பிச்சவ" என்றார். "கதை சொல்லுறதிலை அவ விண்ணி. ஒரு புகை நகரம், இரும்போடை கதைக்கிற வெள்ளைக்காரன். என்ரை பெடியள் அதைக் கேக்க எண்டே பள்ளிக்குடம் போவினம்."

உலகத்தில் அந்தக் கதையைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி மேசையின் இந்தப் பக்கம் இருந்தாள்.

அன்று என் பைக்குள் முதல் புத்தகத்தின் அச்சுப் படிகள் இருந்தன. திருத்தி அடுத்த நாள் கொடுக்க வேண்டும். முதல் தாளில் "யோகராணியின் நினைவாக." மேரியம்மாவின் படிவத்தை நிரப்பினேன். அவர் போன பிறகு வெறும் படிவம் ஒன்றை எடுத்து உன் பெயரின் முதல் எழுத்தை எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டு லாச்சியை மூடினேன். யோகராணி என்று எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று எனக்கு நானே சொன்னேன். அதை நான் ஒரு நிமிடமும் நம்பவில்லை. அச்சுப் படியில் உன் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அதை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

நீ உயிரோடு இருப்பது தெரிந்துகொண்டு உன் நினைவாகப் புத்தகம் போட்டேன். ஒன்றல்ல, மூன்று.

மூலக் கொப்பிகளைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அவை உன்னிடம் இருக்க வேண்டியவை. புதிய பதிப்பில் அட்டையில் உன் பெயரையும் போடும்படியும், அந்தச் சமர்ப்பணப் பக்கத்தை எடுத்துவிடும்படியும் பதிப்பகத்துக்கு எழுதப்போகிறேன். உன் சம்மதம் வேண்டும். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு தரம் எழுதி அடித்துவிட்டேன்.

முறை உன்னுடையது.

தங்கேஸ்


கொக்குவில்,
16.02.2003

திருமதி தங்கேஸ்வரி குலேந்திரன் அவர்களுக்கு,

கொப்பிகள் மூன்றும் பழுதில்லாமல் கிடைத்தன. பதிவுத் தபால் என்பதால் பெற்றுக்கொண்டதை அறியத்தருகிறேன்.

அம்மா சுகமாக இருக்கிறார். உங்கள் பாலத்தடி அத்தியாயத்துக்குத் தன் நன்றியைத் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறார். தெரிவித்துவிட்டேன். உங்கள் கடைசிக் கடிதத்தை அவருக்கு வாசிக்கவில்லை, இனியும் வாசிக்க மாட்டேன். எலிசாவை அவர் நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அது அப்படியே இருக்கட்டும்.

அட்டையில் என் பெயர் வேண்டாம். முதல் பக்கத்தை எடுத்துவிடப்போவதாக எழுதியிருந்தீர்கள். எடுக்க வேண்டாம். "யோகராணியின் நினைவாக" என்பது அங்கேயே இருக்கட்டும். இப்போது அது சரி.

க. யோகராணி