ஒரு சாண் உயரம்

ஜூன் 4

அக்காவுக்கு,

நாங்கள் அளக்கும் ஆற்றோர இடம் சும்மா கிடக்கும் நிலம் இல்லை. "இவ்வளவு இடத்தை யாராவது வெறுமனே விட்டு வெப்பாங்களா" என்று நீ கேட்டதைத்தான் முதல் நாள் நானும் கேட்டேன். ஆறு பெருகினால் மதகைத் திறந்து தண்ணீரை அங்கே விடுவார்கள். தேங்கட்டும் என்றே காப்பாற்றி வைத்திருக்கும் நிலம். கீழே ஊர் நனையாதிருக்க, இது நனைய வேண்டும்.

சர்வே பயிற்சியில் என் வேலை கோல் ஊன்றுவது. கோலின் உச்சியில் உள்ள கருவி தன் உயரத்தைக் கண்டுபிடிக்கும். அதில் கோலின் நீளத்தைக் கழித்தால் தரையின் உயரம். பிறகு ஆபீசில், திரையில், தண்ணீர் எதுவரை வரும் என்று ஒரு கோடு.

நேற்று நாணல் பக்கம். அது என்னைவிட உயரம். கோலை இழுத்து நீட்டித்தான் அளக்க முடிந்தது. அப்படியே உன் தெருவரை வந்தேன். வாசலில் துணி காய்ந்தது. நீ இல்லை.

உன் வீடு கோட்டுக்கு வெளியே. மாடியில் கிடக்கும் உன் மாமனாருக்குக் கீழே அறை கட்டலாம்.

சுண்டெலி

ஜூன் 10

சுண்டெலிக்கு,

வாசல்வரை வந்துவிட்டு, நான் திரும்பும்வரை நிற்காமல் போனவளை என்ன செய்வது?

கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். மாடியிலிருந்து அவரை இறக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. வெயில் பட்டே நாளாகிறது. "ஜன்னலைக் கட்டில் உயரத்துக்கு வை. படுத்தபடியே தெருவைப் பார்ப்பேன்" என்றார். மருமகளிடம் அவர் எதையும் கேட்பவர் இல்லை.

அனுமதி வரட்டும் என்றுதான் சொன்னேன். "நம்ம வீட்டுப் பொண்ணு போட்ட கோடு, இதுக்கு மேல என்ன அனுமதி" என்று உன் அத்தான் கடைக்கால் தோண்ட ஆள் கூட்டி வந்துவிட்டார்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 14

அக்கா,

தோண்டுவதை நிறுத்தச் சொல்.

போனை இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டேன். சொல்ல வரவில்லை.

கோலை நீட்டினேன் என்று எழுதினேன் இல்லையா. நீட்டியதைக் கருவியில் பதியவில்லை. அது பழைய நீளத்தையே கழித்திருக்கிறது. இன்று உயரம் முன்பே தெரிந்த ஒரு கல்லில், கோலை அன்றைப் போலவே வைத்துப் பார்த்தேன். ஒரு சாண் கூடுதலாகக் காட்டியது. அன்று அளந்த தரை எல்லாம் அப்படித்தான். உன் வாசலும்.

திருத்தினால் கோடு நகரும். உன் வீடு உள்ளே வரும். கீழே அறை கட்ட விடமாட்டார்கள்.

யாருக்கும் தெரியாது. சர்வேயர் பார்த்துவிட்டு "சுத்தமா இருக்கு" என்றார். அடுத்த வாரம் கையெழுத்துப் போடுவார்.

சு.

ஜூன் 17

தங்கைக்கு,

தோண்டி முடித்தாயிற்று.

ஒரு சாண். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தண்ணீர் வாசலைத் தொட்டதில்லை. ஆறு என்றைக்கோ பெருகும். மாமா தினமும் மாடியில் கிடக்கிறார். யாரும் கேட்காத தப்பை நீயே போய் ஏன் சொல்ல வேண்டும்? உனக்கும் அங்கே வேலை நிலைக்க வேண்டாமா?

அத்தான் ஒரே ஒரு தடவை கேட்டார்: "அன்னிக்கு வெளியேன்னா, இன்னிக்கு உள்ளேங்கறா. வீடு என்ன நடந்தா போச்சு?"

கையெழுத்து ஆகும்வரை வாயைத் திறக்காதே. இது ஒன்றுதான் கேட்கிறேன். மறுத்தாயானால் இனி எதுவும் கேட்க மாட்டேன்.

அக்கா

ஜூன் 20

அக்கா,

நீ வந்தபின் தண்ணீர் வாசலைத் தொடவில்லை. உண்மை. மதகை இதுவரை முழுதாகத் திறந்ததும் இல்லை. முழுதாகத் திறக்கும் நாளுக்கான கோடு இது.

ஒரு சாண் என்பது நடப்பவர்களுக்குக் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. மழை கூடினால் அதற்கும் மேலே. அத்தான் வேலைக்குப் போன பகலில் நீ மட்டும். மாமாவைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். நீதான் எழுதினாய்.

கட்டில் உயரத்து ஜன்னல். கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது. அவர் அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

அத்தானிடம் நானே நேரில் வந்து சொல்கிறேன். திட்டட்டும்.

உன் சுண்டெலி

பி.கு.: இதைத் தபாலில் போடாமல் பையிலேயே வைத்திருந்தேன். இன்று காலை சர்வேயரிடம் சொன்னேன். அவர் வண்டிச் சாவியை எடுத்தார். திரும்ப அளக்க உன் தெருவுக்கு வந்தோம். அழைப்பு மணி அடித்தேன். உள்ளே ரேடியோ நின்றது. கதவு திறக்கவில்லை. கடிதத்தைக் கதவுக்கடியில் தள்ளப்போகிறேன். கோலின் நீளத்தைக் கருவியில் பதிந்துவிட்டேன். உன் வாசற்படியில் ஊன்றி முதல் புள்ளியை எடுத்தேன்.