பாலு பார்த்த வாத்து

என் செல்ல பாலு,

சாந்த்ராகாச்சி ஏரியில் நீ எடுத்த அந்த வாத்துப் படம் என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை.

போன குளிர்காலத்தில், கீமோவுக்கு நடுவில், நான் தடுத்தும் கேட்காமல் போனாயே. திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா, இந்த வாத்து பெரிய சீழ்க்கைச் சிறகி. இங்க லேசுல வராது" என்றாய். அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்துத் தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். பறவை பார்ப்பவர்கள் படம் போடும் செயலியில் அதை ஏற்றினாய். கோடை வருமுன் எங்களை விட்டே போய்விட்டாய்.

இப்போது மௌசுமி என்று ஒருவர் அதன் கீழே எழுதியிருக்கிறார். இது பெரியது இல்லை, கூட்டம் கூட்டமாக வரும் சிறிய வகைதான் என்று தோன்றுகிறது, பெரியதென்றால் வால் தொடங்கும் இடத்தில் வெளிறிய பட்டை இருக்கும், வேறு படம் உண்டா என்று. நேரில் பார்த்தவனுக்குத் தெரியாதா என்று உன் கணக்கிலிருந்தே சுருக்கென்று பதில் போட்டேன். கரியாஹாட் சந்தையில் காய் வாங்கும்போதும் அதே நினைப்பு.

கடைசியில் உன் கேமராவைத் திறந்தேன். அதே வாத்து தண்ணீரைவிட்டு எழும்பும் படம் இருந்தது. வெளிறிய பட்டை இல்லை. செம்பழுப்பு. சிறியதேதான்.

அம்மாவிடம் காட்டினேன். "அவனே இல்ல. அவன் பாத்ததாவது அவன் சொன்னபடி இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள். அதில் என்ன தப்பு? அந்த எழும்பும் படத்தை அழித்தால் யாருக்குத் தெரியும்?

ஆனால், ஜாதவ்பூர் வீட்டு மாடியில் முளைத்த குப்பைமேனியை நான் கீழாநெல்லி என்றதற்கு, விருந்தாளிகள் முன்னாலேயே திருத்தியவன் நீ. படத்தை ஏற்றினேன். பெயரை மாற்றினேன். நீ இல்லை என்பதையும் என் போன் எண்ணோடு எழுதினேன்.

மௌசுமி போன் செய்தார். வங்காள மொழியில், "தீதி, முதல் படத்தை மட்டும் பார்த்தால் நானும் பெரியது என்றுதான் சொல்லியிருப்பேன்" என்றார்.

எழும்பிய படத்தை நீ ஏன் ஏற்றவில்லை, பாலு? களைப்பில் கவனிக்கவில்லையா? இல்லை, கவனித்துவிட்டு, என் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டாயா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

ஞாயிற்றுக்கிழமை மௌசுமியோடு ஏரிக்குப் போகிறேன். இனி என் பெயரிலேயே படம் போடுவேன். தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதுவேன். இது சத்தியம்.

உன்னோடு இன்னும் பேசி முடிக்காத,
அக்கா