மணல் அள்ளிய பிறகு

மேலப்பாளையம்
4.12.2024

அன்புள்ள கரோலினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆறு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைத் தூக்கிப் போடாமல் இருந்தாயானால், மேலே படி.

என் வீட்டுக்காரர் யாசர் மவுத்தாகிவிட்டார். அக்டோபர் 24, சவூதியில், தம்மாமில், வேலை செய்த இடத்திலேயே நெஞ்சுவலி. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கடைசியாக முகம் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. இப்போது இத்தா இருக்கிறேன். நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. போனை எடுத்தால் அந்தப் பக்கம் அழுகிறார்கள், நானும் அழுகிறேன், பேச்சு வருவதில்லை. அதனால்தான் கடிதம்.

மாடி கட்டுவதற்காக எங்கள் பின்முற்றத்தில் மணல் கொட்டி நாலு வருஷமாகக் கிடந்தது. இனி மாடி எதற்கு என்று என் கொழுந்தன் அலி அஸ்கர் போன மாதம் அள்ளிவிட்டான். ஒரு வாரம் விடாமல் மழை. அதற்கப்புறம் ஒருநாள் காலையில் கதவைத் திறக்கிறேன், தரை பச்சையாக இருக்கிறது! விதைத்தவர் யாரும் இல்லை. நாலு வருஷம் வெளிச்சமே காணாத மண். குத்தவைத்து எண்ணினேன். ஒரு சாண் இடத்தில் நூற்றுப் பதினாறு முளை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

குப்பைமேனியும் கீழாநெல்லியும் எனக்குத் தெரியாததா? ஆனால் முளையாக இருக்கும்போது எதுவும் அதுமாதிரி இல்லை. எல்லாம் ரெண்டு இலை, ஒரு நூல். எண் போட்டு வரைந்து அனுப்பியிருக்கிறேன். நீ வள்ளியூர்ப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறாயாமே. பெயர் சொல்வாயா?

ஃபஹ்மிதா


வள்ளியூர்
12.12.2024

அன்பு ஃபஹ்மி,

கர்த்தர் உனக்கு ஆறுதல் தரட்டும். இதை எழுதுவதற்குள் நான்கு தாள் கிழித்தாகிவிட்டது.

உன் படங்களுக்கு வருகிறேன். முதல் ரெண்டு இலை வித்துக்குள்ளேயே இருந்தவை. அதை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்றாவது இலை வரட்டும், அதுதான் அந்தச் செடியின் சொந்த இலை. ஒன்றாம் எண் குப்பைமேனியாக இருக்கலாம். ஐந்தாம் எண் எனக்கும் தெரியவில்லை.

சில விதைகள் மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். மேலே வெளிச்சம் படுகிறதா என்பது அவற்றுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று பிள்ளைகளுக்கு நடத்துகிறேன், பரீட்சைக்கும் கேட்கிறேன். ஆனாலும் நீ எழுதியதைப் படித்தபோது, அதை நான் ஒருநாளும் கண்ணால் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

கைலென்ஸ் ஒன்று அனுப்பியிருக்கிறேன். கண்ணை ஒட்டிப் பிடி, செடிப் பக்கம் நீ குனி.

கிறிஸ்துமஸ் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இப்போது வர முடியாது.

கரோலின்


மேலப்பாளையம்
29.12.2024

ஏட்டி கரோலின்,

கைலென்ஸ் வந்த நாளிலிருந்து நான் இந்த உலகத்தில் இல்லை.

ஒரு முளை தன் விதைத் தோலைத் தலையில் தொப்பிபோல மாட்டிக்கொண்டே எழுந்து நின்றது. மறுநாள் காலை பார்க்கும்போது தொப்பி கீழே கிடக்கிறது, இலை ரெண்டும் விரிந்து கிடக்கின்றன. குப்பைமேனியை நேர் மேலேயிருந்து பார்த்திருக்கிறாயா? ஒரு இலைகூட இன்னொன்றின் வெயிலை மறைக்கவில்லை. கீழ் இலைகள் காம்பை நீட்டிக்கொண்டு தள்ளிப் போய் இடம் பிடித்திருக்கின்றன. யார் சொல்லிக் கொடுத்தது?

உன் ஐந்தாம் எண் இப்போது ஒரு தட்டு அகலம். தண்டே கிடையாது. இலைகள் வட்டமாகத் தரையோடு படிந்து கிடக்கின்றன. ஓரமெல்லாம் முள், நரம்பெல்லாம் சுண்ணாம்பால் கோடு இழுத்த மாதிரி வெள்ளை. காலையில் ஒவ்வொரு முள் நுனியிலும் ஒரு பனித்துளி. மொத்தம் பதினொரு வட்டம் இருக்கிறது.

மாமியைப் பற்றி எழுதவில்லையே. ஆசியா உம்மாள் என்று பெயர். மகன் போனதிலிருந்து என்னோடு நாலு வார்த்தை பேசினால் அதிகம். நான் வந்து ஆறு வருஷத்தில் அவர்கள் மகனோடு எட்டு மாதம்தான் வாழ்ந்தேன், அந்த எட்டு மாதமும் தன்னிடமிருந்து பறித்தது என்று அவர்களுக்கு ஒரு மனக்குறை.

போன வியாழக்கிழமை அலி அஸ்கர், இசக்கிமுருகன் என்ற ஆளை மண்வெட்டியோடு கூட்டி வந்தான். இத்தாவில் இருப்பதால் நான் அவர்கள் முன்னால் போக முடியாது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் வெட்டு விழுந்தது.

"லே, நிறுத்து" என்று மாமியின் குரல்.

"பாம்பு அடையும் உம்மா."

"அடைஞ்சா அடையட்டும். வெட்டாத. ஒங்கண்ணன் பொண்டாட்டி பார்த்துக்கிட்டிருக்கா."

அவர்கள் போனதும் நான் வெளியே வந்தேன். மாமி கைலென்ஸைக் கேட்டு வாங்கி, முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு இலையாகப் பார்த்தார்கள். பிறகு, "இம்புட்டுச் சின்னதுக்கும் அல்லா நரம்பு வரைஞ்சி வச்சிருக்கானே" என்றார்கள். சொல்லிவிட்டு அழுதார்கள். நான் பக்கத்தில் பைய உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நீ எப்போது வருகிறாய்? பெண்கள் வரலாம், தடையில்லை.

உன் ஃபஹ்மி


வள்ளியூர்
8.1.2025

அன்பு ஃபஹ்மி,

ஐந்தாம் எண் பிரம்மதண்டு. தண்டு பின்னால் வரும். இப்போது அது கீழே வேர் இறக்கிக்கொண்டிருக்கிறது.

நான் வராததற்குக் காரணம் கிறிஸ்துமஸ் இல்லை. உன் மாமியைப் பற்றிப் படித்தபின் இனி மறைக்க முடியவில்லை.

செப்டம்பரில் உன் வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் கேட்டு நம்பர் வாங்கியிருக்கிறார். கடைசி வருஷத்தில் நிறுத்திய உன் படிப்பை முடிக்க வழி இருக்கிறதா, எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டார். உனக்குத் தெரியக் கூடாது, ஊருக்கு வரும்போது சொல்லப்போகிறேன் என்றார்.

நாம் ரெண்டு பேரும் சேர்ந்து எம்.எஸ்ஸி படிப்பதாக இருந்தோம். நீ கல்யாணம் என்று போனாய். அந்தக் கோபத்தில்தான் உன் கல்யாணத்துக்கே நான் வரவில்லை. அந்தக் கோபம் அன்றைக்கும் அப்படியே இருந்தது. "ஆறு வருஷம் கழிச்சு இப்பதான் ஞாபகம் வந்துதாக்கும்?" என்று ஆரம்பித்து, வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நான்தான் போனை வைத்தேன். மறுபடி அவர் கூப்பிடவில்லை. ஐந்து வாரத்தில் அவர் இல்லை.

இதை வைத்துக்கொண்டு உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

கரோலின்


வள்ளியூர்
30.1.2025

ஃபஹ்மி,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை, அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி போட்டால் போதும். பதில் வராவிட்டால், அதையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

கரோலின்


மேலப்பாளையம்
17.2.2025

கரோலின்,

உன் கடிதத்தைப் படித்த அன்று உன்மேல் வந்த ஆத்திரத்தில் முற்றத்துக்குப் போய்க் கைக்கு வந்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டேன். பிரம்மதண்டு கை நிறைய முள்ளை ஏற்றியது. இலைகள் கையோடு வந்தன, மஞ்சளாகப் பால் வடிந்தது, வேர் வரவேயில்லை. ஒரு முழம் தோண்டியும் நுனி தெரியவில்லை. இத்தனை நாள் தரையோடு சும்மா படுத்துக் கிடந்தது என்று நினைத்திருந்தேனே! அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ரெண்டு நாள் மாமிதான் ஊசியால் முள் எடுத்துவிட்டார்கள். என்ன என்று அவர்கள் கேட்கவில்லை.

நேற்றுத்தான் உன் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். அவர்கள் உன்னைத் திட்டவில்லை. "எம் மவன் வேற என்ன சொன்னானாம்?" என்று கேட்டார்கள்.

கரோலின், நானும் அப்போதுதான் யோசித்தேன். அவர் என்னிடம் பேசியதெல்லாம் எனக்கு மனப்பாடம். நாலு மாதமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்ததில், இனி புதிதாக ஒரு வார்த்தை அவரிடமிருந்து வராது என்று இருந்தேன். ஆனால் நாங்கள் ரெண்டு பேரும் கேட்காத அவருடைய பேச்சு கொஞ்சம் வள்ளியூரில், உன்னிடம் இருக்கிறது.

எழுதி அனுப்பாதே. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வா. மாமி ஆப்பத்துக்கு மாவு ஆட்டப் போகிறார்களாம். ஒரு வார்த்தை விடாமல் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் இழுத்தார், எந்த இடத்தில் சிரித்தார், எல்லாம். நீ திட்டினதையும் விட்டுவிடாதே. அதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று எங்களுக்குத் தெரியணும்.

உன் ஃபஹ்மி