வாத்துகளை இறக்கச் சொன்னது யார்?

குட்டநாடு,
மார்ச் 19

அன்புள்ள ஷிஜி,

போனில் சொன்னால் நடுவில் சிரித்துக் கெடுப்பாய், அதனால் மின்னஞ்சல். உன் அண்ணன் நலம். அம்மச்சி கொடுத்துவிட்ட மாங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது. மஸ்கட் வெயிலைப் பற்றி நீ புலம்பாதே, இங்கே வந்து பார்.

விவசாயிகள் கமிட்டிக்கு நான் இன்ஜினியரான பிறகு நடந்த முதல் கலவரம் இது. அறுவடை முடிந்ததும் வயலில் வாத்துகளை மேயவிடுவது இங்கே வழக்கம். உதிர்ந்த நெல் அவற்றுக்கு, எச்சம் வயலுக்கு. செவ்வாய்க்கிழமை ஔதச் சேட்டனின் இரண்டாயிரம் வாத்துகள் இறங்கின. ஒரு மூலையில் தங்கம்மா சேச்சியின் நெல் அறுக்காமலே கிடந்தது. மழையில் படுத்துவிட்ட பயிர். இயந்திரத்தில் சிக்கவில்லை, கையால் அறுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். வாத்துகளுக்கு ஆள் தேடும் கஷ்டம் இல்லை. மாலைக்குள் பாதி காலி.

"வாத்துக்குத்தான் அறிவில்ல, உனக்குமாடா இல்ல?" என்று சேச்சி வரப்பில் நின்று கத்தினார்.

"எறக்கலாம்னு சொன்னாங்க, எறக்கினேன்" என்றார் ஔதச் சேட்டன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். இனி எந்த வருஷமும் அவருக்கு இந்த வயலில் இடமில்லை என்று தீர்மானம் வரும். பாவம், இந்த வயலை நம்பித்தான் அவ்வளவு வாத்து வளர்க்கிறார். அடிப்படையில் இது தகவல் தொடர்புக் கோளாறு. அதைச் சரிசெய்ய ஒரு புதிய முறை வரைந்திருக்கிறேன். படம் இணைப்பில்.

உன் சேட்டாயி,
எல்தோ

மஸ்கட்,
மார்ச் 20

அன்புள்ள சேட்டாயி,

படம் பார்த்தேன். எத்தனை பெட்டி, எத்தனை அம்புக்குறி! வாத்துகளுக்குப் படித்துக் காட்டினாயா?

"எறக்கலாம்னு சொன்னாங்க." யார் சொன்னது? கத்தியவர் பேர் இருக்கிறது, மேய்த்தவர் பேர் இருக்கிறது, ஊறுகாய்கூட இருக்கிறது. இறக்கச் சொன்னவர் பேரை மட்டும் காணோம். எங்கள் வார்டில் ஒரு மாத்திரை கொடுத்தாலும் கொடுத்தவள் கையெழுத்துப் போட வேண்டும். 'தகவல் தொடர்புக் கோளாறு' கொடுத்தது என்று எழுதினால் மேட்ரன் என்னைக் கப்பலேற்றி விடுவாள்.

இரவு டியூட்டிக்குக் கிளம்புகிறேன். ஒரே வரியில் பதில் போடு.

ஷிஜி

குட்டநாடு,
மார்ச் 21

ஷிஜி,

நான்தான். போதுமா?

கமிட்டி வாங்கிய டிரோன் எடுத்த படத்தை, பம்ப் கொட்டகை நிழலில் உட்கார்ந்து பார்த்தேன். வயல் முழுவதும் அறுத்த நெல்தாள் மாதிரிதான் தெரிந்தது. படுத்த நெல்லும் மேலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. நடந்து போய்ப் பார்த்திருக்கலாம். வெயில். போனை எடுத்து "எறக்கிக்கோங்க சேட்டா" என்றேன்.

செயலாளர் குட்டப்பன் சாரிடம் நேற்றே சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். "எல்தோ மோனே, வாயத் தொறக்காத. நம்ம கமிட்டியில எந்த முடிவையும் எவனும் எடுத்ததில்ல, அதுவா நடக்கும். அதே கூட்டத்துலதான் உன்னை வேலையில வெச்சுக்கறதா வேணாமான்னு பேசப் போறோம், ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் சொல்லப் போகிறேன். நீ ஒன்றும் உபதேசம் எழுத வேண்டாம்.

எல்தோ

குட்டநாடு,
மார்ச் 24

அன்புள்ள ஷிஜி,

சொல்லிவிட்டேன். ஔதச் சேட்டன் பேரில் தீர்மானத்தைப் படிக்கத் தொடங்கியதும் எழுந்து, "இறக்கச் சொன்னது நான், போய்ப் பார்க்காமல் சொன்னேன், நஷ்டம் என் பொறுப்பு" என்றேன்.

பிறகு நடந்ததை எந்தப் பெட்டியிலும் அடைக்க முடியாது. அறுவடை இயந்திரக்காரர் எழுந்து, "படுத்த நெல்லு மிச்சமிருக்குன்னு நான் யார்கிட்டயும் சொல்லல" என்றார். தங்கம்மா சேச்சி, "அறுக்காத வயல்னு கம்புல துணி கட்டி நட்டிருக்கணும், சோம்பல்பட்டு விட்டேன். அதுக்காக உன்ன விட்டுட்டேன்னு நெனைக்காத. காசு அப்புறம். நாளைக்கு அரிவாளோட வந்து மிச்சத்த அறு" என்றார். அறுத்தேன். இடுப்பு இப்போது என்னுடையது இல்லை.

தீர்மானத்தைக் கூட்டத்திலேயே கிழித்துவிட்டார்கள். வெளியே வந்து ஔதச் சேட்டனிடம் கேட்டேன்: "போன் பண்ணினது நான்னு உங்களுக்குத் தெரியுமே, ஏன் சொல்லல?"

"காட்டிக் குடுத்தா, அப்புறம் வேற எந்த வயல்லயும் வாத்து எறக்க எவன் சாரே எனக்கு போன் பண்ணுவான்? அஞ்சு ராத்திரி தூங்கல, அது வேற விஷயம்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இன்று காலை குட்டப்பன் சார் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே போனேன். "உன்னை இன்னும் ரெண்டு வருஷம் வெச்சுக்கறதா எழுதியாச்சு" என்றார்.

"யாரோட முடிவு சார்?"

இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"என்னோடதுதான். வெளியில சொல்லிடாத."

உன் சேட்டாயி,
எல்தோ