பூசை மேடையிலிருந்து நீங்கள் எடுத்த கட்டை

அக்கா,

இன்று காலை ஆயுத பூசைக்குச் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தேன். அதே கையோடு இவருடைய வேலை உடுப்பைக் கொடியிலிருந்து எடுத்தேன். எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாத டீசல் வாசனையும் சந்தன வாசனையும் ஒன்றாக எழுந்தன. அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் இல்லாமல் வருகிற முதல் ஆயுத பூசை இது.

போக்குவரத்துத் திணைக்களத்தில் தொழில் பாதுகாப்பு மூத்த அதிகாரியாக நீங்கள் ஹட்டனுக்கு மாற்றலாகி, எங்கள் முன்னறைக்கு வாடகைக்கு வந்தபோது, அது என்ன வேலை என்றே எனக்குத் தெரியாது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் இவரிடம் கேட்டேன். "எல்லாத்தையும் வேணாம்னு சொல்ற வேலை" என்றார். வந்த மறுநாளே நீங்கள் என் சாமித் தட்டின் முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு, விளக்குக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த திரைச்சீலையைச் சுருட்டி ஆணியில் மாட்டினீர்கள். எனக்குச் சுருக்கென்றது. "சாமிக்கும் கொஞ்சம் காத்து வரட்டும் தங்கச்சி" என்று சிரித்தீர்கள். அடுப்படியிலிருந்து இவர், "நம்ம வூட்டுக்கும் இன்ஸ்பெக்‌ஷன் வந்துருச்சு" என்றார்.

வீட்டில் உங்களை அக்கா என்று கூப்பிடும் மனிதர், டிப்போ கேட்டைத் தாண்டியதும் மேடம் என்பார். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். நீங்கள் வந்த வருடத்து ஆயுத பூசை நாள்வரைக்கும்.

எங்கள் டிப்போவைப் பற்றி நீங்கள் சொல்வீர்களே, "இந்த எடத்துல சமமான தரைன்னா சாமி மேடை ஒண்ணுதான்" என்று. மலையைச் செதுக்கிக் கட்டிய முற்றம் அது. எந்தப் பக்கம் பஸ்ஸை நிறுத்தினாலும் சரிவுதான். அந்தப் பூசை அன்றைக்குக் குடும்பத்தினர் நாங்களும் வந்திருந்தோம். ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றையும் கழுவி மேடையில் அடுக்கியிருந்தார்கள். சக்கரம் உருளாமல் அடியில் கொடுக்கும் மரக்கட்டைகளுக்குக்கூட மஞ்சள் வர்ணம் பூசி, பொட்டு வைத்திருந்தேன் நான். பூசைக்கு வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த முறை.

பூசை முடியும் நேரத்தில், திம்புள்ளப் பக்கத்திலிருந்து ஒரு பஸ் பிரேக் சரியில்லை என்று வந்து நின்றது. தோட்டங்களுக்குத் திரும்ப வேண்டிய சனம் அதை நம்பி வெளியே காத்திருந்தது. போர்மன் இவரைப் பார்த்தார். இவர் டிரைவரின் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனரை வாங்கிக்கொண்டு அடியில் நுழைந்துவிட்டார். யாரோ ஒரு கல்லைப் பின் சக்கரத்துக்குக் காலால் தள்ளிவிட்டார்கள். பனியில் நனைந்த உருண்டைக் கல். நான் சுண்டல் பரிமாறிக்கொண்டிருந்தேன். எல்லோரும் அந்தக் கல்லைப் பார்த்தோம். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

நீங்கள் சுண்டலைக் கையில் வாங்கியபடியே நின்றுவிட்டீர்கள்.

"தம்பி, வெளிய வாங்க."

"ரெண்டு நிமிசம் மேடம், பிரேக்க கழட்டிட்டு வந்துர்றேன்."

"அதுக்கு முந்தி வாங்க."

நீங்கள் சத்தம் போடவில்லை. ஆனாலும் இவர் உடனே வெளியே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மேடைக்குப் போனீர்கள். கும்பிட்டீர்கள். பூவை மெல்ல எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கட்டைகளையும் தூக்கினீர்கள்.

போர்மன்தான் முதலில் வாய் திறந்தார். "அம்மா, அது பூசைக்கு வச்சதுங்க. நாளைக்குத்தான் எடுக்கலாம்."

"சரி. அப்ப பஸ்ஸையும் நாளைக்கே செய்வோம்."

"சனம் நிக்கிதுங்களே..."

"அப்ப கட்டை இன்னைக்கு வேணும். பிரேக்க கழட்டுனா இந்தச் சரிவுல அத புடிச்சு வைக்க வேற என்னா இருக்கு? நீங்களா, நானா?"

ஒருவர் பின்னாலிருந்து, "சாமி குத்தம் ஆயிருமுங்க" என்றார். அப்போது நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "தங்கச்சி, பொட்டு வச்சது நீங்க. நீங்களே சொல்லுங்க. சாமி கோவிச்சுக்குமா?"

அத்தனை கண்ணும் என்மேல். விரதம் தவறாதவள், பூசை முறை தெரிந்தவள் என்று அங்கே எனக்கு ஒரு பெயர். இவருடைய முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத்தான் பார்த்தேன். பிறகு கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸின் பக்கம் நடந்தேன். நீங்கள் குனிந்து, இவர் பிரேக்கைக் கழற்றப்போகிற, கல் இருந்த சக்கரத்தை விட்டுவிட்டு, மற்றப் பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டைகளைக் கொடுத்து, உள்ளங்கையால் தட்டி இறுக்கினீர்கள். நான் அங்கேயே தீபம் காட்டினேன். போர்மன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இவர் மறுபடி அடியில் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ தளர்கிற சத்தம். பஸ் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் அசைந்தது. அந்த உருண்டைக் கல் சக்கரத்தடியிலிருந்து துள்ளி, முற்றத்தில் உருண்டு, ஓரத்து வடிகானுக்குள் விழுந்தது. பஸ்ஸின் பாரம் முழுவதும் கட்டைமேல் வந்து உட்கார்ந்தது. மஞ்சள் வர்ணம் நசுங்கியது. அவ்வளவுதான். பஸ் நின்றது.

அடியிலிருந்து இவர் குரல்: "யாரு பஸ்ஸ ஆட்டுறது?"

நீங்கள்தான், "ஒண்ணுமில்ல தம்பி, வேலையப் பாருங்க. சுண்டல் ஆறுது" என்றீர்கள்.

அன்று பின்னேரம் வீட்டில் உங்களுக்குப் பிளேன்டீ கொடுத்தேன். வாங்கிய கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமலே கீழே வைத்துவிட்டீர்கள். நான் பார்த்ததை நீங்களும் கண்டுகொண்டீர்கள். "முன்னால ஒரு டிப்போவுல இருந்தப்ப, ஒரு வூட்டுக்குச் சேதி சொல்லப் போனேன். அந்தப் பொண்ணு கதவத் தொறந்து, டீ குடிச்சிட்டுப் போங்கன்னு சொல்லுச்சு. எனக்கு வாயே வரல" என்றீர்கள். பிறகு, "என் வேலை சரியா நடந்தா ஒண்ணுமே நடக்காது தங்கச்சி. எல்லாரும் அலுப்பா வூட்டுக்குப் போவாங்க. அதுதான் வேணும்" என்றீர்கள்.

அக்கா, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, நானாகவே கூட்டிக் கழிக்கப் பழகியவள் நான். வந்தது, போனது எல்லாம் எழுதத் தெரியும். நடக்காமல் போனதை எழுத எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. உங்கள் சாவு வீட்டுக்கு, நீங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது, பல டிப்போக்களிலிருந்து வந்த ஆண்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இவர்களில் யார் யார் உங்களால் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அவர்களுக்கே தெரியாது. உங்களுக்கும் முழுக்கத் தெரிந்திருக்காது. கோயிலில் கர்ப்பக்கிருகத்தின் முன்னால் வருமே, அந்தச் சிலிர்ப்பு அங்கே வந்தது எனக்கு.

இன்று பூசைக்குப் போனோம். கட்டைகளை இப்போது யாரும் மேடையில் வைப்பதில்லை. நிற்கிற பஸ்ஸின் சக்கரத்தடியிலேயே வைத்துப் பொட்டு வைக்கிறார்கள். புதிதாக வந்தவர்கள் அதுதான் ஆதி முறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்தவில்லை.

முன்பெல்லாம் தீபம் காட்டும்போது, "இவர காப்பாத்து தாயே" என்று கண்ணை மூடிக்கொள்வேன். இன்றைக்கும் அதையேதான் கேட்டேன். ஆனால் கண்ணை மூடவில்லை. சரிவைப் பார்த்தேன், சக்கரத்தைப் பார்த்தேன், கட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். பிறகுதான் கும்பிட்டேன்.