தண்ணி ஊத்தின நாள்

பாயான் பாரு
12.6.1993

என்னங்க,

ஜெயில்ல கடிதத்தப் பிரிச்சுப் படிப்பாங்களாம். அதனால மீன்தொட்டியப் பத்தி மட்டும் எழுதுறேன்.

நீங்க காலித் தொட்டிக்குள்ள கல்லுல பரப்பிட்டுப் போன பாசிக்குத் தினமும், என்னை வேலைக்கு ஏத்திட்டுப் போற பேக்டரி பஸ் வர்றதுக்கு முன்னால, தண்ணி தெளிச்சு பிளாஸ்டிக் போட்டு மூடினேன். ஆறு வாரத்துல கல்லு முழுக்கப் பச்சையாப் பிடிச்சிருச்சு. நீங்க வந்துதான் தொட்டிய நிரப்பணும்னு சொன்னீங்க.

முன்னால ரெண்டு தடவையும் பத்தே நாள்ல நீங்க தண்ணி ஊத்தி, கல்லப் பிடிக்காத பாசியெல்லாம் மிதந்துச்சு. திட்டு எனக்குத்தான் விழுந்துச்சு.

பக்கத்து வீட்டு செல்வநாயகி அக்காகிட்ட நீங்க சிங்கப்பூர்ல வேலை செய்றதாச் சொல்லியிருக்கேன். "எப்பலா வருவாரு?"ன்னு கேட்டாங்க. தெரியலக்கான்னேன்.

நேத்து நானே ஊத்தினேன். உள்ள ஒரு தட்ட வெச்சு, அது மேல மெதுவா.

ஒரு இழைகூட மிதக்கல.

உங்க வீட்டுக்காரி