கொய்யா மரத்துச் செவ்வெறும்பு

குடியாத்தம்
ஏப்ரல், 1979

பம்பாயில் லுங்கி விற்கும் என் வீட்டுக்காரருக்கு,

தோட்டத்தில் எங்களைக் கடிப்பது கொசு என்று நினைத்துத் தினமும் வேப்பிலைப் புகை போட்டேன். நேற்றுதான் உண்மை தெரிந்தது. கஞ்சி போட்ட லுங்கியைக் கொய்யாக் கிளையில் காயப்போட்டிருந்தேன். உங்கள் அப்பா அதை உதறாமல் எடுத்துக் கட்டிக்கொண்டார். தோட்டம் முழுக்க ஒரே குதி!

“அம்மாடி, செவ்வெறும்பும்மா! வேற லுங்கி எடுத்துக்கினு ஓடியா!”

நம் கல்யாணத்திலிருந்து, தண்ணீர் வேண்டுமென்றாலும் என்னிடம் நேராகக் கேட்காமல் சுவரைப் பார்த்துச் சொல்பவர், என்னைத்தான் கூப்பிட்டார்.

கடிபட்ட இடத்துக்குச் சுண்ணாம்பு கொடுத்தேன். “வலி ஜாஸ்தியா, மாமா?”

“கம்மிதாம்மா” என்று சிரித்தார்.

எறும்புக் கூட்டைக் கொளுத்த இன்று ஆள் வந்தான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான்தான் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
இந்த வீட்டு மருமகள்